பட்டியலில் விட்ட பெயர்

எழுபதுகளில் காரைக்குடியில் என் ஜவுளிக்கடை நொடித்துப்போய், கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தேன். கடன் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் எழுதச் சொன்னார் வக்கீல். இருக்கும் சொத்தை விற்று அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்களாம். ஏர்மாட்டை விற்று எனக்குப் பணம் தந்த மானகிரிச் சம்பந்தியின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை.

விஷயம் தெரிந்ததும் பூட்டிய கடை முன்னால் வந்து நின்று கத்தினார்.

"ஊர்க்காரனுக்கெல்லாம் பங்கு எழுதுனீக. எம் பணத்த மட்டும் முழுங்கீட்டீகளா?"

"சம்பந்தியக் கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாதுன்னு, உங்க கௌரவத்துக்காகத்தான்..."

"எங் கௌரவமா? உங்க மககிட்டக் கேளுங்க, உழவுக்கு மாடு இருக்கான்னு!"

காறித் துப்பிவிட்டுப் போனார்.

உண்மையில், பெண் கொடுத்த வீட்டிலேயே கடன் வாங்கியவன் என்று ஊர் பேசுமே என்றுதான் அந்தப் பெயரை விட்டேன். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.