தெய்வசிகாமணியின் ஒழுகாத படங்கள்

தெய்வசிகாமணி பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறார். எதைப் பார்த்தாலும் அப்படியே பின்வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். மரவள்ளிக் கிழங்கு மூட்டை, புதுச் சம்பந்தி, இலையில் விழுந்த சாம்பார், எதற்கும் விலக்கில்லை. எலவனாசூர்கோட்டைக் கிணறு எதிலும் அவர் இன்னும் விழாதது ஊருக்கே ஆச்சரியம்.

இது ஓவியப் பழக்கம். சென்னைக்குத் தெற்கே கடலோர மணலில் ஓவியர்கள் சிலர் கூடிக் குடிசை போட்டுக் குடியேறியபோது இவரும் அதில் ஒருவர். அந்தக் குடியிருப்பின் ஆரம்பகாலச் சரித்திரத்தைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்: "காலைல துணிக்கு மெழுவு வச்சி சாயம் போடுவோம், அத வித்துதான் சோறு. மத்தியானம் படம். மத்தவங்க படம் ஃபாரினுக்குப் போச்சுங்க. நான் மணல்ல மரவள்ளி நட்டேன், அது எல்லார் வயித்துக்கும் போச்சு."

அவர் படத்தையும் ஒருவர் விரும்பி வாங்கினார்: பக்கத்துக் குப்பத்து மீனவர் பூமாலை. மீனுக்குப் படம், பண்டமாற்று. எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார் என்று ஒரு மழைநாளில் பார்க்கப் போனார் தெய்வசிகாமணி. படம் கூரைமேல் இருந்தது.

"எண்ணெச் சாயமாச்சே சார், ஒரு சொட்டு ஒழுவல. இன்னொண்ணு போட்டுக் குடு, மாமியா வூட்டுக்கு" என்றார் பூமாலை.

கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். குப்பம் நனையாமல் இருந்தது. பிறகு, கிழங்கு இன்னும் நன்றாக விளையும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் சாலைகளின் குறுக்கே மரங்களை வெட்டிப் போடத் தொடங்கிய வாரத்தில்தானா அந்த அழைப்பு வர வேண்டும்? குடியிருப்பின் ஆண்டுவிழாக் கண்காட்சி, பழைய ஆட்கள் ஆளுக்கொரு படம் கொண்டுவரலாம், மறுநாள் திறப்பு. வாழ்நாளில் ஒரு தடவையாவது தன் படம் சுவரில் தொங்க வேண்டும் அவருக்கு. ஊதா நிறத்தில் தீட்டிய கல்வராயன் மலையைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இந்த வாட்டி எந்த வூட்டுக் கூரைக்கி?" என்று வழியனுப்பினாள் மனைவி ஆண்டாள்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்பே பேருந்து நின்றது. குறுக்கே புளியமரம். அதன்மேல் போராட்டக்காரனாக அவர் ஊர்க் கொளஞ்சியப்பன்.

"மாமா, நீயா! எறங்கு, கஞ்சி குடி. இன்னிக்கி எதுவும் போவாது."

மழை பிடித்துக்கொண்டது. போராட்டக்காரர்களின் கீற்றுப் பந்தலில் பயணிகளும் ஒண்டினார்கள். பந்தல் ஒழுகியது. ஒரு பெண் கைக்குழந்தையோடு இடம் மாறி மாறி உட்கார்ந்தாள். ஒழுகலும் கூடவே வந்தது.

"சாக்குல இன்னா மாமா, தார்ப்பாயா?"

"வெறும் காயிதம்டா மாப்ள."

அடுத்த சொட்டு குழந்தையின் நெற்றியில் விழுந்தது. தெய்வசிகாமணியின் விரல்கள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

கொளஞ்சியப்பன் பந்தல்மேல் ஏறிப் படத்தை விரித்தான். "எந்தப் பக்கம் மேல?"

"சாயம் மேல இருக்கட்டும். இதுல எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி."

குழந்தை தூங்கிப்போனது. தெய்வசிகாமணி மட்டும் மழைக்குள் இறங்கிப் பின்னால் நகர்ந்து, நகர்ந்து, வெட்டுண்ட புளியமரத்தில் முதுகு இடித்ததும் நின்றார். ஒற்றைக் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். இடது மூலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.