செடெனாக்கைத் தாண்டிப் போன சனிக்கிழமைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை. ஜொகூர் பாருவிலிருந்து பாலோவுக்கு நான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். பின் சீட்டில் மூன்று வயது மகள். மறுநாள் காலை பாலோ கோயிலில் அவளுக்குக் காது குத்து. பாலோ என் கணவரின் ஊர். அவருக்கு அன்று சிங்கப்பூரில் வேலை, சாயங்காலம் தனியாக வந்து சேர்வதாக ஏற்பாடு.

அந்த ஹைவே எனக்கு அத்துப்படி. மாமியார் வீட்டுக்காக வாராவாரம் போகிற வழிதான். ஸ்கூடாய் டோலில் கார்டைத் தட்டி உள்ளே நுழைந்தால் கூலாய், செடெனாக், சிம்பாங் ரெங்கம், மாச்சாப், ஆயர் ஈத்தாம் என்று எக்ஸிட்டுகள் வரிசையாக வரும். யோங் பெங்கில் இறங்கினால் பாலோவுக்கு வழி. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், மறுபடியும் செம்பனை. ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கம்தான் வரும். எனக்கோ கூலாயைத் தாண்டியதும் தூக்கமெல்லாம் பறந்துவிடும். அடுத்தது செடெனாக். அங்கேதான் என் அண்ணன் இருந்தார், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. எக்ஸிட்டில் இறங்கினால் அவர் வீட்டுக்குப் பத்தே நிமிடம். நான்கு வருடமாக நான் இறங்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா தவறியபோது நானும் சிங்கப்பூரில்தான் வேலையில் இருந்தேன். தகவல் வந்ததும் ஓடி வந்தேன், ஆனால் சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் அசைய முடியாத நெரிசல். வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நேரம் தவறக்கூடாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, அண்ணன் எனக்காகக் காத்திருக்காமல் எடுத்துவிட்டார். அப்பா முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடி, அத்தனை சனத்துக்கு முன்னால், “இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் இல்ல” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை.

இத்தனைக்கும் அந்த ஹைவேயில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். லைசென்ஸ் எடுத்த புதிதில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு எக்ஸிட் வரும்போதும் பஸ் கண்டக்டர் மாதிரி பெயரைச் சத்தமாகச் சொல்லுவார். மடியில் ஒரு டப்பா இருக்கும். கொய்யாவை நறுக்கி, ஆசாம் என்கிற புளிப்புத் தூள் தடவி, “ஸ்டியரிங்க விட்டுடாத” என்று என் வாயில் ஊட்டிவிடுவார். சண்டைக்குப் பிறகு அந்த நான்கு வருடமும், செடெனாக் பலகை கண்ணில் பட்டதும் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். ஆனாலும் வாயில் அந்தப் புளிப்பு வந்துவிடும்.

அன்றும் அப்படித்தான் ரேடியோவைக் கூட்டினேன். பின்னாலிருந்து மகள் கேட்டாள்: “அம்மா, நாளைக்கு நான் யாரு மடியில உக்காரணும்?”

மாமியார் அவளிடம் போனில் சொல்லியிருக்கிறார், மாமா மடியில் உட்கார்ந்து அழாமல் காது குத்திக்கொள்ள வேண்டும் என்று. காது குத்தென்றால் தாய்மாமன் மடிதானே. அண்ணனுக்கு வாட்ஸாப்பில் பத்திரிகை அனுப்பியிருந்தேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அதனால் குளுவாங்கிலிருந்து தூரத்து உறவில் ஒருவரை வரச் சொல்லியிருந்தோம். எனக்கே அவரைச் சரியாகத் தெரியாது.

“ஒரு மாமா மடியில” என்றேன்.

“அந்த மாமாவுக்கு என்னைத் தெரியுமா?”

கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு சாலையே மங்கலாகிவிட்டது. துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், செடெனாக் எக்ஸிட் இடது பக்கமாக ஒதுங்கி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அந்த நிமிடம் எனக்கு இறங்க வேண்டும் போல இருந்தது. நான்கு வருடமாக இல்லாத அவசரம். ஆனால் ஹைவேயில் மனசு மாறினால் உடனே திரும்ப முடியுமா? அடுத்த எக்ஸிட் வரை போய்த்தான் ஆக வேண்டும்.

சிம்பாங் ரெங்கத்தில் இறங்கினேன். தாய்மாமனை அழைக்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. டவுனில் கோயில் பக்கம் ஒரு பூக்கடை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, மஞ்சள் என்று கேட்டேன். கடைக்கார அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், பூக் கட்டிக்கொண்டே பேசுகிற ரகம்.

“என்ன விசேஷம்மா?”

“பிள்ளைக்குக் காது குத்துக்கா. எங்க அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கப் போறேன்.”

“எப்ப காது குத்து?”

“நாளைக்கு.”

அக்காவின் கை நின்றது. “நாளைக்கு விசேஷத்த வச்சிக்கிட்டு இன்னைக்கா தாய்மாமனுக்குப் பத்திரிகை வைப்பாங்க?”

“வாட்ஸாப்ல முன்னமே அனுப்பிட்டேன்.”

“அலமாக்! தாய்மாமனுக்கு வாட்ஸாப்லயா? எங்க, காட்டு.”

முன்பின் தெரியாதவரிடம் ஏன் காட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. காட்டினேன். அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கி மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார். “தாய்மாமன் பேரு எங்கம்மா?”

பெயர் இல்லை. போனில் செய்த பத்திரிகை, இடம் பற்றவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். பிள்ளையின் பெயரைச் சுற்றிப் போட்டிருந்த பூக்களுக்கெல்லாம் இடம் இருந்தது. வரமாட்டார், வராதவர் பெயர் எதற்கு என்ற வீம்பில் விட்டதுதான். அண்ணன் இல்லை என்று அன்றைக்கு வாயால் கத்தினேன். இன்றைக்கு அதையே பத்திரிகையாகப் போட்டு, அவருக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். அந்தக் கடை வாசலிலேயே எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்கா திட்டவில்லை. “இப்ப எழுது, கையால எழுது” என்று பேனாவை நீட்டினார். காகிதத்துக்கு எங்கே போவது? மகளின் படம் வரையும் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பின்பக்கம் ஊதா நிறத்தில் யானையோ பூனையோ ஒன்று இருந்தது. வெள்ளைப் பக்கத்தில் எங்கள் அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே தாய்மாமன் என்று போட்டு அண்ணன் பெயரைப் பெரிதாக எழுதினேன். அக்கா நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். தன் கடையின் எவர்சில்வர் தட்டையே எடுத்துக் கொடுத்து, “தட்டு திரும்பி வரணும் லா” என்றார்.

மறுபடி ஹைவே ஏறி, வந்த திசையிலேயே திரும்பி, செடெனாக்கில் இறங்கினேன். அண்ணன் அந்தத் தட்டைத் தொடாமல் கதவைச் சாத்திவிட்டால், மறுநாள் என் மகள் யாரோ ஒருவர் மடியில் உட்காருவாள். அதைவிட, அதற்குமேல் எனக்கு இறங்குவதற்கு எக்ஸிட்டே இருக்காது.

அண்ணன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். தலை பாதி நரைத்துவிட்டது. நான் தட்டோடு கேட்டருகே நின்றேன்.

“அண்ணே” என்றேன், அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தார். எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் அண்ணி ஓடி வந்து கேட்டைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். “உள்ள வாம்மா” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உள்ளே உட்கார்ந்தேன். பின்பக்கம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் அண்ணன் வந்தார். கை இரண்டும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தன. புதுச் சட்டை போட்டிருந்தார், பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அண்ணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கினார்.

தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தார். அப்பா பெயரை இரண்டு முறை படித்தார். தன் பெயர் வந்ததும் நின்றுவிட்டார். அதை மட்டும் படிக்கவில்லை.

“அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும்மா” என்றார். “நீ இல்லாம அப்பாவத் தூக்கினேன் இல்ல, அதிலேர்ந்து எனக்குத் தோளு வலி போகல.”

நான் அழுத அழுகையைப் பார்த்து மகளும் சேர்ந்து அழுதாள். அழுகை ஓய்ந்தபிறகு அண்ணன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்: “பாலோவுக்கு எந்த எக்ஸிட்ல எறங்கணும்?”

மறுநாள் காலையில் எங்களுக்கு முன்னாலேயே கோயில் வாசலில் நின்றார். குளுவாங்கிலிருந்து வந்தவர் பெருந்தன்மையாக ஒதுங்கிச் சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொண்டார். மகள் அண்ணன் மடியில் உட்கார்ந்து, “இந்த மாமாவுக்கு என்னைத் தெரியும்” என்று எல்லாரிடமும் சொன்னாள். ஊசி பட்டதும் அவள் அழுதது கொஞ்சம், அண்ணன் அழுததுதான் அதிகம். திரும்பும் வழியில் அவரே சிம்பாங் ரெங்கத்தில் இறங்கித் தட்டைக் கொடுத்தார். “இவருதானா அந்தப் பேரு?” என்று பூக்கடை அக்கா சிரித்தார்.

மறு வருடமே அண்ணனுக்குச் சபா மாநிலத்தில் ஓர் ஆலையில் வேலை மாற்றம் வந்தது, குடும்பத்தோடு போய்விட்டார். தினமும் போனில் பேசுகிறோம், சிரிக்கிறோம். ஆனால் அங்கே போக ஹைவே இல்லை, நடுவில் கடல். செடெனாக் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் நான் இன்னமும் அந்த வழியாகத்தான் போகிறேன். பலகையைக் கண்டதும் மகள் கண்டக்டர் மாதிரி “செடெனாக்!” என்று கத்துகிறாள், என் கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது. அண்ணன் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த அந்த நான்கு வருடத்துச் சனிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும், சிக்னல் போட்டு இடது பக்கம் இறங்கிவிடுவேன்.