அத்தை பார்த்த பிரஷர்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் என் இடது கை எனக்குச் சொந்தமாக இல்லை. அது அத்தையின் பாடப்புத்தகமாக இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. ஆட்டையாம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி, சேலத்தில் மருத்துவ உதவியாளர் படிப்புக்குப் போய்வந்தாள். வீடு திரும்பியதும் டீ கூடக் குடிக்காமல் என்னைத் தேடுவாள். கட்டுப் போடுவாள், அவிழ்ப்பாள், மறுபடி போடுவாள். நான் விளையாடக் கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் அவளுக்கு என் பிரஷர் தேவைப்படும். ஓடியாடுகிற பிள்ளைக்கு எதற்குப் பிரஷர் என்று கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மாவிடம் முறையிட்டால், "ரெண்டு நிமிசம் கைய நீட்டுனாத் தேஞ்சா போயிருவ?" என்பாள்.

அதிலும் அத்தை மகா கெடுபிடி. பட்டையைக் கையில் சுற்றி, குழாயைக் காதில் மாட்டி, அதன் மறுமுனையை என் முழங்கை மடிப்பில் வைத்து, ரப்பர் பந்தை அமுக்குவாள். கை மரத்துப்போகும். நான் வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"சத்தம் கேக்கோணும் சாமி. கேக்காம ஒண்ணுஞ் சொல்லக் கூடாது" என்பாள்.

படிப்பு முடியச் சில மாதங்களே இருந்தபோது நாமக்கல் பக்கத்து ஜாதகம் ஒன்று பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் கோழிப்பண்ணை. அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "படிப்ப முடிச்சு ஒரு வருசமாச்சும் வேலைக்குப் போறேங்கண்ணா" என்று அத்தை கெஞ்சினாள். "அதெல்லாம் இனி அவங்க முடிவு" என்று அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அத்தை அழுதுகொண்டே எனக்குப் பிரஷர் பார்த்தாள். கண்ணீர் என் கையில் சொட்டியது. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். லட்டு, மிக்சர், காபி எல்லாம் தயார். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி நிறைய உட்கார்ந்து, "எங்கூட்ல பொண்ணுங்கள வேலைக்கு அனுப்பற பழக்கம் இல்லீங்க. படிச்ச வரைக்கும் போதும்" என்றார்.

"அதுக்கென்னங்க, நிறுத்திட்டாப் போச்சு" என்றார் அப்பா. அத்தையின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் பாட்டுப் பாடச் சொல்வது போல அந்தம்மாவே கையை நீட்டினார். "எங்க, எனக்குப் பிரஷர் பாத்துச் சொல்லு அம்மிணி, பாக்கலாம்."

அத்தை பிரஷர் கருவிப் பையை எடுத்துவந்து பட்டையைச் சுற்றினாள், பந்தை அமுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை மூச்சுவிடக்கூட விடாதவள், அந்தம்மா பண்ணைக் கதை பேசப் பேசப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிட அநியாயம், குழாயைக் காதில் மாட்டவே இல்லை. அது அவள் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, தலை கிறுகிறுன்னு வருதுங்களா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

கேட்டதும் அந்தம்மாவுக்கு வந்துவிட்டது. "ஆமாங் கண்ணு" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப ஏறிக் கெடக்குதுங்க. இப்பவே டாக்டரப் பாத்துருங்க."

"அத்தை, நீ குழாயக் காதுல..." என்று நான் ஆரம்பித்தேன். முழு லட்டு ஒன்று என் வாயை அடைத்தது. பல் சொத்தையாகும் என்று எனக்கு மிட்டாயே தராத அத்தைதான் அதைத் திணித்தாள்.

காபியைத் தொடாமல் அவர்கள் காரில் ஏறினார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் சம்பந்தம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மறுநாள் தரகர் போனில் அதைத்தான் சொன்னார். டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாராம். ஆனாலும் சகுனம் தடுத்துவிட்டதாம்.

"அந்தப் பைய அன்னைக்கே கெணத்துல வீசியிருக்கோணும்" என்று அப்பா கத்தினார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னுஞ் சரியாப் பழகலீங்கண்ணா. முழுசாப் படிச்சாத்தான் கை சரியா வரும்."

"ஊரு சிரிக்காத அளவுக்காச்சும் படிச்சுத் தொலை" என்றார் அப்பா. அப்படித்தான் அத்தை படித்து முடித்தாள். இன்றும் சேலத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

தரகர் போன் செய்த அன்று மாலையும் பட்டையோடு என்னிடம் வந்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "அந்தம்மாவுக்கு மட்டும் காதுல மாட்டாமப் பாத்தீல்ல, எனக்கும் அப்படியே பாரு" என்று சண்டை பிடித்தேன்.

அத்தை கதவைச் சாத்திவிட்டு, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு குழாயைக் காதில் மாட்டி, என் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றினாள். தப்பாகப் பார்த்தது அந்தம்மாவின் கையை. அவரைக் கூப்பிட்டு ஒழுங்காகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு பாவமும் அறியாத என் கையை ஏன் இந்தப் பாடு படுத்துகிறாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.