பாதை இருக்கிறது, படம் இல்லை

அப்பா போய் மூன்று மாதம். அவருடைய கணினியைத் தம்பி இன்று பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டான்.

"டிஸ்க்கை அழிச்சுட்டுத்தான் குடுத்தேன் அக்கா. போட்டோ எல்லாம் எடுத்தாச்சுன்னு நீதானே சொன்னே?"

சொன்னேன். படங்களைத் தொகுக்க நான் எழுதிய நிரல், ஒவ்வொரு படமும் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதையை மட்டுமே சேமித்திருக்கிறது. நகலெடுக்கும் வரியைப் பிறகு எழுதலாம் என்று விட்டிருக்கிறேன். இருபது வருடமாக நிரல் எழுதுவதுதான் என் வேலை.

அலுவலகத்தில் கோப்பின் மேல் பொருள் எழுதாமல் விடமாட்டார் அப்பா. படங்களுக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்.

படங்கள்/காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்/1978/கமலா ஸ்கூட்டரில், பயந்தபடி.jpg

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடியாமல், அதை வாசித்தேன்.

"நானா பயந்தேன்? அந்த மனுஷனுக்கு பிரேக் எங்கே இருக்குன்னே தெரியாது."

சற்றுப் பொறுத்து, "படத்தைக் காட்டேன்டி" என்றாள்.

கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஹைதராபாத்தின் அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஸ்கூட்டரில் ஒரு கமலா மாமி இருந்தால் அனுப்புங்கள். பயப்படாத மாமியானாலும் பரவாயில்லை.