மூக்கன் வெட்டிய கான்

‘சொந்த நிலத்தில் நவீன இயந்திரம் கொண்டு பயிரிட்டுக் காலநிலை மாற்றத்தை வென்ற மாதிரிப் பெண் விவசாயி.’ 2007இல் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நட்ட பலகையில் அம்மாக்கண்ணுவின் படத்துக்குக் கீழே இப்படித்தான் எழுதியிருந்தது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். வென்ற விபரத்தை மழைக்கு யாரும் தெரிவித்திருக்கவில்லை.

உழவு மிசின் மட்டும் உண்மை. விவசாய உதவித் திட்டக்காரர்கள் ஐந்து பெண்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. முறை வைத்து ஆளுக்கொரு நாள். அதைத் தள்ளிக்கொண்டு போகையில், இருபது வருஷம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அம்மாக்கண்ணுவுக்கு மறந்தே போனது. இனி விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்காமல் கிழங்கு போட்டே பிழைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

குறுக்கே நின்றவை கான்கள். சரிவில் மழைநீரைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிட அவள் புருஷன் மூக்கன் வெட்டிய மூன்று வடிகால்கள். மூக்கன் செத்து நாலு வருஷம்.

“கானை மூடிப் போடாதேங்கோ. பலகை வைச்சு மிசினைக் கடத்துங்கோ” என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த திட்ட உத்தியோகத்தர் துரைராசா. பலகையை எடுத்து எடுத்துப் போட்டதில் அவளுடைய நாள் முடிந்தது. பாதி நிலம் உழாமல் கிடந்தது. அடுத்த முறை வருமுன் கான்களை மண் போட்டு மூடினாள்.

சரிவுக்குக் கீழே லயத்து வரிசை வீட்டில் இருந்த காளியாயி பார்த்துக்கொண்டே நின்றாள். மிசின் முறை வாங்கிய ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. “ஏன்டி, ஒம் புருசனுக்கு ரெண்டாந்தரம் குழி மூடுறியா?”

“செத்தவரு வந்து கொத்தித் தரப்போறாராக்கா? மிசின் போகணும்ல.”

அந்தப் போகம் கிழங்கு நன்றாகவே விழுந்தது. அவள் படம் போட்ட பலகையும் அப்போதுதான் நட்டார்கள். ஐப்பசி மழை, மிசின் போன வழியிலேயே நேராக இறங்கியது. மேல்மண் மொத்தமும் காளியாயியின் வாசலில் வந்து குவிந்தது. மேலே கல் பல்லைக் காட்டியது. பலகை அசையாமல் நின்றது. அதற்குச் சீமெந்து போட்டிருந்தார்கள்.

காளியாயி திட்டவில்லை. வாசலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடி” என்றாள். திட்டியிருந்தால் அம்மாக்கண்ணு அழுதிருக்க மாட்டாள்.

கான் எங்கே இருந்தது என்று தேடினாள். அடையாளமே இல்லை. மூக்கன் அளவு பிடிக்காமல் கண்மட்டத்தில் வெட்டியவன். தினமும் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவள், அவன் மம்பட்டி எங்கே விழுந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

“அடுத்த முறை உங்களுக்குத்தான். மிசின் கொண்டு வரட்டோ?” என்று துரைராசா கேட்டார்.

“காளியாயி அக்காவுக்குக் குடுங்க, ஐயா. அவங்க நெலம் மட்டமா இருக்கு.”

காலையில் பெரட்டுக்குப் போனாள். பின்னேரங்களில் மூக்கனின் மம்பட்டியால் கான் வெட்டினாள். முதலாவது கோணிப்போக, மூடிவிட்டு மறுபடி வெட்டினாள். வாசலில் கிடந்த மண்ணைக் கொழுந்துக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டினாள்.