சித்தப்பா கொண்டுவந்த நைலான்

வியர்வையில் ஊறிய நைலான் துணிக்கு ஒரு நாற்றம் உண்டு. கருவாடு காயும் தெருக்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள் நான். வாடைக்கு மூக்கைப் பொத்துகிற வழக்கம் தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குக் கிடையாது. கருவாட்டு வாடை எவ்வளவு தூக்கலாக அடித்தாலும் அதில் சோற்றின் நினைவு கொஞ்சம் கலந்திருக்கும். நைலான் நாற்றமோ மூடிய டப்பாவுக்குள் பல்லி செத்துக்கிடப்பது போன்றது. எங்கிருந்து வருகிறது என்று தேடவைத்து, கடைசியில் நம் அக்குளிலிருந்துதான் வருகிறது என்று உணர்த்தி, நம் உடம்பையே நமக்கு அருவருப்பாக்கிவிடும்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினோரு வயது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பா, அம்மா, இருபது வயது கிரேசி அக்கா, நான் என நால்வரும் ஓட்டு வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். சித்திரை பிறந்து, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும்வரைக்கும் எங்கள் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய தண்டனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். நடுவில் காற்று அசையாமல் நிற்க, கொடியில் போட்ட துணி சாயங்காலமானாலும் ஈரம் விடாது. அந்த நாட்களுக்கென்று அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். அப்பாவின் நைந்த வேட்டியைக் கிழித்து எனக்குக் கையில்லாத "கவுன்" தைப்பாள். அக்காவுக்குப் பலமுறை வெளுத்து மெத்தென்றாகிவிட்ட நூல் சேலைகள். எதற்கும் கஞ்சி கிடையாது. "சித்திர மாசம் கஞ்சி போட்டா துணி மூச்சு விடாது" என்பாள். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவி, "காத்துல நில்லுளா" என்று வாசலுக்குத் துரத்திவிடுவாள்.

இப்படிப்பட்ட அம்மாவையே ஒரு துணி மாற்றிவிட்டது.

அப்பாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். அந்தச் சித்திரையில் லீவில் வந்த சித்தப்பா, டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு துணிச் சுருளை எடுத்து உதறினார். ஊதா நிறம், அதில் நெருக்கமாக வெள்ளிப் பூக்கள். வழுவழுவென்று கையிலிருந்து நழுவி விழுந்த அதைப் பார்க்கத் தெருப் பெண்களெல்லாம் வந்து கூடி, "ஃபாரின் துணி, ஃபாரின் துணி" என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்கள். சித்தப்பாவுக்கு நாசரேத் ஊரில் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு குடும்பப் படம் எடுக்க வேண்டும், எல்லோரும் இதே துணியில்தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அக்காவுக்கும் அம்மாவுக்கும் சேலையும் ரவிக்கையும், எனக்குக் கழுத்துவரை மூடிய முழுக்கை கவுன், அப்பாவுக்கும் அவருக்கும் சட்டை. அப்பா, பாவம், வெள்ளிப் பூப்போட்ட ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, யாரோ செய்த குற்றத்துக்குப் பிடித்துவரப்பட்டவரைப் போல இருந்தார்.

படம் எடுக்கப்போகிற வாரத்தில் அக்காவுக்கு இடது அக்குளில் வேனல்கட்டி வந்தது. அம்மா வெங்காயம் வதக்கிக் கட்டியும் அது உடையவில்லை. கிளம்புகிற அன்று அக்கா கையைத் தூக்க முடியாமல் நின்றாள்.

"அம்மா, நான் நூல் சேல கட்டிக்கிடுதேன். இந்த ரவிக்க கையி இறுக்கி உயிர் போவுது."

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட மாட்டியாளா? சித்தப்பா ஆசையா வாங்கிட்டு வந்திருக்காவ. அவிய காரியம் நல்லபடியா முடியண்டாமா?"

நடுப்பகலில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். என் முதுகில் ஆரம்பித்த வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. அந்தத் துணி ஒரு சொட்டைக்கூடக் குடிக்காது; எல்லாம் வழிந்து இடுப்புப் பட்டியில் தேங்கி, அங்கே சூடாகி நின்றது. ஒவ்வொரு அசைவுக்கும் துணி தோலோடு ஒட்டி, பிறகு பிசினை உரிப்பது போலப் பிரிந்தது.

ஸ்டூடியோ அதைவிடக் கொடுமை. ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை. முகத்துக்கு நேரே இரண்டு பெரிய விளக்குகள். சேலைத் தலைப்பு ஆடுகிறது என்று போட்டோக்காரர் மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். எங்கள் முகங்களில் அவர் ஒற்றிவிட்ட பவுடர் கொஞ்ச நேரத்தில் மாவாகக் குழைந்து கழுத்தில் இறங்கியது. ஐந்து பேரின் வியர்வையும் ஐந்து நைலானும் சேர்ந்து அந்த அறையில் எழுப்பிய நாற்றத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டும். சித்தப்பாவுக்குத் தம் கைக்கடிகாரம் படத்தில் தெரிய வேண்டும். "இன்னும் கொஞ்சம் இங்கன திரும்புங்க" என்று போட்டோக்காரர் சொல்வதும், கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும், மறுபடி வெளியே வருவதுமாக நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் அக்காவின் இடது கையைப் பிடித்தபடி நின்றேன், அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள்.

திடீரென்று என் விரல்களுக்குள் ஏதோ வெதுவெதுப்பாக வழிந்தது. குனிந்து பார்த்தேன். கட்டி உடைந்திருந்தது. நூல் துணியாக இருந்திருந்தால் அங்கேயே உறிஞ்சி நின்றிருக்கும். இதுவோ சீழும் இரத்தமுமாக வெள்ளிப் பூக்களின் மேலேயே வழுக்கி, முழங்கை வழியாக என் கைக்கு இறங்கியிருந்தது.

"சீ!" என்று கத்திக்கொண்டு அக்காவின் கையை உதறினேன். உதறிய கையைத் திரைச்சீலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளப் பார்த்தாள்.

சித்தப்பாதான் முதலில் பேசினார். "கைய மறைச்சுக்கிட்டா போதும். படத்துல தெரியாது. நீங்க எடுங்க அண்ணாச்சி."

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். நேராகக் கேமராவிடம் போய், அதன்மேல் கிடந்த கறுப்புத் துணியை உருவினாள்.

"யம்மா, அது கேமராத் துணி!" என்று போட்டோக்காரர் பதறினார்.

"பருத்திதான?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அக்காவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய், அந்த ரவிக்கையைக் கழற்றிக் கறுப்புத் துணியால் தோளோடு போர்த்தி வெளியே கொண்டுவந்தாள். "படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆசுபத்திரிக்கு நடங்க" என்றாள். அப்பா அதற்குள் தம் சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

ஆசுபத்திரியில் நர்ஸம்மா கட்டியைச் சுத்தம் செய்துகொண்டே, "இந்தப் புழுக்கத்துல ஒரு வயசுப் பொண்ணுக்கு இதயா போட்டு விடுவாவ?" என்று எங்கள் எல்லோரையும் சேர்த்து ஏசினார். வராந்தாவில் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே சொன்னார்:

"எங்க கப்பல்ல எஞ்சின் ரூமுக்குள்ள இத விடமாட்டாவ மைனி. சூட்டுக்கு ஆவாது. தீப்பொறி பட்டா தோலோட உருகி ஒட்டிக்கிடும். நாங்கல்லாம் உள்ள பருத்திதான் போடுதோம்."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சேதான் கொண்டு வந்தீயளா?"

"ஊர்ல எல்லாரும் இதத்தான கேக்காவ. பருத்திய கொண்டாந்தா கப்பல்ல போனவன்னு யாரு மதிப்பா?"

எனக்குச் சித்தப்பாவின் மேல் பொங்கிய வெறுப்பு அடங்க வருஷங்கள் ஆயின. அதில் பாதி என்மேல் எனக்கிருந்த வெறுப்பு என்பதை வளர்ந்த பிறகுதான் கண்டுகொண்டேன்.

மறுவாரம் சித்தப்பா அப்பாவின் வெள்ளைக் கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் தனியாக ஒரு படம் எடுத்து நாசரேத்துக்கு அனுப்பினார். பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். அந்த ஊதாத் துணியைக் கரித்துணியாகப் பயன்படுத்தலாம் என்று அம்மா அடுப்படிக்குக் கொண்டுபோனாள். சுடுசட்டியைத் தொட்டதும் அது சுருண்டு பொசுங்கியது. சிந்திய தண்ணீரைத் துடைத்தால் இங்கிருந்து அங்கே தள்ளியது. குப்பையில் எறிந்த பிறகும் மக்காமல் வெகுநாள் கிடந்தது.

அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் இன்று இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. வேட்டி கிழித்துக் குழந்தைக்குச் சட்டை தைப்பவர்கள் யாரையும் நான் இப்போது பார்ப்பதில்லை. உடம்பில் பட்டதே தெரியாத அந்த மெத்தென்ற துணியும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. போன சித்திரையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், கழுத்துவரை பித்தான் போட்ட பாலியெஸ்டர் உடுப்பில் காவலுக்கு நின்ற வயதான மனிதரின் காலர் ஓரத்தில் வேர்க்குரு சிவந்து பழுத்திருந்தது. உள்ளே போக மனமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அன்று நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். தளர்ந்த நூல் சேலையில் முற்றத்தில் உட்கார்ந்து நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததை அன்று கேட்டேன்: "ஸ்டூடியோவுல நான் 'சீ'ன்னு சொன்னது ஒனக்கு ஞாபகம் இருக்காக்கா?"

அவள் நுங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ எப்பளா சொன்ன? என் காதுல விழலையே" என்றாள்.

ஸ்டூடியோவில் அவள் என்னிடமிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.