காரில்லாமல் குன்னூரிலிருந்து ஊட்டி போய் வர முடியுமா?

அக்டோபரில், பூஜை விடுமுறை முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை ஊட்டிக்குப் போய் வந்தேன். குன்னூர்க்காரன் ஊட்டி போனதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். காரில் போயிருந்தால் ஒன்றுமில்லைதான். நான் காரில் போகவில்லை. போகக் கூடாது என்பதுதான் பந்தயம்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. வலது கண்ணில் நடுப்பகுதி மங்கிவிட்டது. மாதம் ஒருமுறை ஊட்டியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆகஸ்டில் பெட்ஃபோர்டு வளைவில் ஒரு காய்கறி வேனை லேசாக உரசினேன். அன்றைக்கே கோயமுத்தூரிலிருந்து வந்த மகன் செந்தில் கார் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "காரும் இல்லாம இந்த மலையில தனியா எப்படிப்பா இருப்பீங்க? எங்ககூட வந்துடுங்க, தெருமுனையிலேயே கண் ஆஸ்பத்திரி இருக்கு" என்றான். வீட்டை வாடகைக்கு விட ஆள்கூடப் பார்த்துவிட்டான்.

யாருடைய காரிலும் ஏறாமல் ஊட்டி போய், மருத்துவரைப் பார்த்து, இரவு எட்டு மணிக்குள் வீடு திரும்பினால் என்னை இங்கேயே விட்டுவிட வேண்டும் என்றேன். முடியாவிட்டால் மூட்டை கட்டுகிறேன் என்றும் சொன்னேன். ஒப்புக்கொண்டான். முடியாது என்ற தைரியம் அவனுக்கு.

அந்தத் தைரியம் அவனுக்கு மட்டுமல்ல. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, வேலைக்குப் போகிறவர்களுக்கென்று காலையும் மாலையும் சாதாரணக் கட்டணத்தில் ரயில் விடுங்கள் என்று பல வருடங்களாக ரயில்வேக்கு மனு எழுதுகிறேன். சாத்தியமில்லை என்று பதில் வரும், அல்லது பதிலே வராது. நான் எட்டாவதோடு நின்று இரும்புக்கடை வைத்தவன். ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலகத்தில் படித்ததும் ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். ஆனாலும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பாதையில் பல்சக்கரம் வேண்டிய செங்குத்தான ஏற்றம் குன்னூரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சாதாரணத் தண்டவாளம், டீசல் இன்ஜின். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன்கள் கட்டித் தயாராக நிற்கின்றன. புதிதாக ஒரு கல்லையும் நகர்த்த வேண்டியதில்லை. பிறகு எது சாத்தியமில்லை?

காலை ஆறே முக்காலுக்கு மேல் குன்னூரில் வீட்டைப் பூட்டினேன். ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். முதல் வளைவிலேயே பக்கத்து வீட்டு நஞ்சப்பன் காரை நிறுத்தினார். மார்க்கெட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"ஏனுங்கண்ணா, நடந்து போறீங்க? ஏறுங்க."

"இல்லீங்க நஞ்சப்பன், இன்னிக்கு நடைதான்."

"எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

பந்தயத்தைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தார். "வண்டி வெச்சிருக்கிறவன் உங்களை ரோட்டுல உட்டுட்டுப் போனா நாலு பேரு என்ற மூஞ்சியிலயே துப்புவாங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் என் நடைக்கு ஈடாக உருட்டிக்கொண்டே வந்து, பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் போனார். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று பேர் நிறுத்தினார்கள். நால்வருக்கும் விளக்கம் சொன்னதில் இறக்கத்திலேயே மூச்சு வாங்கியது.

இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மலையில் தெரிந்தவர் நடந்து போனால் வண்டியை நிறுத்தாமல் போவது அவமரியாதை. ஏறாமல் இருப்பது அதைவிடப் பெரிய அவமரியாதை. பால் வாங்கக்கூட காரை எடுக்கிற ஊர் இது. நானும் நாற்பது வருடம் அப்படித்தான் எடுத்தேன்.

டிக்கெட் கவுன்டரில் இருந்த இளைஞர், "ரிசர்வேஷன் இருக்குங்களா ஐயா?" என்றார். இல்லை என்றதும், முன்பதிவில்லாத சீட்டு கொஞ்சம்தான் என்று சொல்லி ஒன்று கொடுத்தார். ஏழே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. தூரம் பத்தொன்பது கிலோமீட்டர். என் பெட்டியில் என்னைத் தவிர எல்லோருமே சுற்றுலா வந்தவர்கள். எதிரே மதுரைக் குடும்பம்.

"நீங்க எந்த ஊர்ல இருந்து டூர் வந்திருக்கீங்க சார்?"

"இதே ஊர்தான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஆஸ்பத்திரிக்கா? டாய் ட்ரெயின்லயா?" என்று அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். பாவப்பட்டுத்தான் கொடுத்திருப்பார். முறுக்கு நன்றாக இருந்தது.

அருவங்காட்டில் ரோட்டை ஒட்டி வந்தபோது பார்த்தேன். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. முக்கால்வாசிக் காரில் ஓட்டுகிறவர் மட்டும். எங்கள் வண்டி வேகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிற்கவில்லை. ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு ஊட்டி. ஆஸ்பத்திரி ஒன்றரை கிலோமீட்டர், மெதுவாக நடந்தேன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்து செந்திலுக்குப் போன் போட்டேன். "சரிப்பா, திரும்பி வாங்க பார்ப்போம்" என்றான்.

திரும்பும்போது ரயில் விஷயத்தில் தோற்றேன். மறைக்க மாட்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பார்த்து, ஊசியும் போட்டு அனுப்பும்போது மூன்றரை ஆகிவிட்டது. சாயங்கால ரயிலுக்காக நாலு மணிக்கே ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். கவுன்டர் திறந்ததும் எனக்கு முன்னால் நின்ற ஒரு கூட்டத்தோடு இருக்கை முடிந்தது. நின்றுகொண்டே வருகிறேன் என்றேன். இந்த வண்டியில் நிற்க விடமாட்டார்களாம். கண் முன்னாலேயே ரயில் நிற்கிறது, உள்ளூர்க்காரனுக்கு இடம் இல்லை. தண்டவாளத்தில் ஒரு குறையும் இல்லை. இது எங்களுக்கான வண்டி என்று யாரும் நினைக்கவில்லை, நாங்கள் உட்பட.

வெளியே டாக்சி டிரைவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "குன்னூருங்களா? ஆயிரத்து இருநூறு குடுங்க, அரை மணியில உட்டுடறேன்."

"அரை மணியில இந்த ரோட்டுல ஆம்புலன்ஸே போகாதுங்க."

"அப்ப உக்காந்திருங்க ஐயா, நாளைக்குக் காலையில ரயில் வரும்."

பஸ் ஒன்றும் கார் இல்லையே. ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். சொட்டு மருந்தின் வேகம் இறங்காததால் முன்னால் நின்ற ஒவ்வொரு பின்விளக்கும் எனக்குச் சிவப்புப் பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. வழி நெடுக அந்தப் பூசணிக்காய்களை எண்ண முடியாது. ஸ்டேஷனை ஒட்டிய குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஏழு பத்து. மழைத் தூறல். இப்போது அதே இரண்டு கிலோமீட்டர் முழுக்க ஏற்றம்.

என் மனுக்களில் நான் எழுதாமல் விட்டது அந்த ஏற்றத்தைத்தான். ஸ்டேஷன்களெல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன, வீடுகளெல்லாம் மேட்டில். ரயில் விட்டால் போதாது. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் மேலே ஏற்றிவிட ஒரு மினி பஸ் நிற்க வேண்டும். இதை அடுத்த மனுவில் முதல் வரியாக எழுதப் போகிறேன்.

பாதி ஏற்றத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளம் எது, நிழல் எது என்று தெரியவில்லை. மணி ஏழரை. பின்னால் ஒரு கார் வந்து நின்றது. நஞ்சப்பன்.

"போதுமுங்கண்ணா. ஏறுங்க. செந்திலுக்கு நான் சொல்ல மாட்டேன்."

"அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே."

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எங்கியாச்சும் உழுந்தீங்கன்னா?"

"உழுந்தா எந்திரிச்சுக்கறேன். நீங்க போங்க."

அவர் போகவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே காரை ஓரமாகத் தேயிலைச் செடிகளை ஒட்டி நிறுத்தினார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். என் முழங்கையைப் பிடித்தார். "உங்களை உட்டுட்டுப் போக முடியாது. நீங்களும் ஏற மாட்டீங்க. அப்புறம் நான் என்னதான் பண்ணட்டும்?" என்று திட்டிக்கொண்டே நடந்தார். பள்ளம் வரும் இடத்தில் மட்டும் திட்டுவதை நிறுத்திவிட்டு "இங்க பாத்து" என்பார். அவருக்கு என்னைவிட அதிகம் மூச்சு வாங்கியது. இந்தச் சாலையில் நடந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டேன். "பேச்சுக் குடுக்காதீங்க, ஏத்தத்தைப் பாருங்க" என்றார்.

ஏழு ஐம்பதுக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். போன் அடித்தது.

"யார் கார்ல வந்தீங்க?" என்றான் செந்தில்.

நஞ்சப்பன் போனைப் பிடுங்கினார். "யாரு காரும் இல்லீங்க தம்பி. என்ற காரே கீழ மழையில நனைஞ்சுட்டு நிக்குது. இனி நான் நடந்து போய் அதை எடுத்துட்டு வரோணும்."

நான் போனை வாங்கி, ரயிலில் இடம் கிடைக்காமல் பஸ்ஸில் வந்ததைச் சொன்னேன். "ரயில்லயே போயிட்டு வர்றேன்னுதானே சொன்னீங்க?" என்றான் என்னிடம்.

"கார் இல்லாமன்னுதான் பேச்சு."

சிரித்துவிட்டான். "சரி, வீட்டை யாருக்கும் விடலை. ஆனா மாசாமாசம் பார்ப்பேன்" என்றான். பார்க்கட்டும்.

உங்களில் யாராவது இப்படிப் போவதாக இருந்தால்: போக வர இரண்டுக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நேரமும் கட்டணமும் மாறும், முதல் நாளே விசாரியுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவார்கள் என்றால் கறுப்புக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் கார் நிறுத்துகிறவர்களிடம் கோபப்படாதீர்கள். உங்களை நடக்க விடாதவர்கள் அவர்கள்தான், ஆனால் நடந்தால் கூட வருகிறவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த மாதத்துக்கு முன்பதிவு செய்துவிட்டேன், போக இரண்டு இருக்கை, வர இரண்டு இருக்கை. கூட வரப்போகும் நஞ்சப்பனுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது.